வீடும் நாமும்: காதுக்குள்ளே ஒரு கச்சேரி



மிக்ஸி, கிரைண்டர், குக்கர் என்று அடுப்படிச் சாமான்களைப் பற்றி இந்தப் பகுதியில் எத்தனையோ தடவை பேசியாயிற்று. எதை வாங்கலாம், எதை வாங்கினால் ஆறு மாதத்தில் பரணுக்குப் போகும் என்றெல்லாம் அலசியாயிற்று. இந்தத் தடவை காதுக்கு ஒரு சாமான். ஹெட்போன்! 'அது காலேஜ் பிள்ளைகள் சமாசாரமாச்சே, நமக்கெதுக்கு?' என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். முதலில் ஒரு கடிதத்தைப் படியுங்கள்.

பூதப்பாண்டிப் பக்கத்திலிருந்து ஒரு இளம் தாய் எழுதியிருக்கிறார். கல்யாணத்துக்கு முன்னால் எட்டு வருஷம் வீணை கற்றவர். இப்போது கூட்டுக் குடும்பம், கையில் ஒன்பது மாதக் குழந்தை.

"அக்கா, ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசி வரை முழுசாக் கேட்டு ஒண்ணரை வருஷமாச்சு. பகல்லே டி.வி. மாமாவுக்கு, சாயங்காலம் பிள்ளைகளுக்கு. ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு போன்லே மெதுவா வச்சாலும், 'யாரு இந்நேரத்துல பாட்டு போடுகது?'ன்னு உள்ளேயிருந்து குரல் வருது. காதுக்குள்ளே செருகுகிறதை வச்சா பத்து நிமிஷத்திலே காது நோவுது. காதை முழுசா மூடுகிற ஹெட்போன் நல்லதுன்னு சொல்லுகாவ. விலையைப் பார்த்தா மலைப்பா இருக்கு. வாங்கலாமா? வாங்கினா எதை வாங்க? அதைப் போட்டுக்கிட்டா குழந்தை அழுகிறது கேக்குமா?"

மற்ற கேள்விகளுக்கு எந்தக் கடைக்காரரும் பதில் சொல்லிவிடுவார். அந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரு தாயிடம் இன்னொரு தாய்தான் பதில் சொல்ல வேணும். ஆகவே நிதானமாக எல்லாவற்றையும் பார்ப்போம்.

அடுப்படியில் பிறந்த சாமான்

ஒரு சுவாரஸ்யமான விஷயம் தெரியுமா? ஹெட்போனுக்கும் நம் அடுப்படிக்கும் சம்பந்தம் உண்டு. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நதானியல் பால்ட்வின் என்பவர் 1910-ஆம் ஆண்டு வாக்கில் தம் வீட்டுச் சமையலறையில் வைத்துத்தான் ஹெட்போன் செய்தார். அதை அமெரிக்கக் கடற்படை வாங்கிக்கொண்டது. பிறகு 1937-இல் ஜெர்மனியின் பேயர் கம்பெனி டி.டி. 48 என்ற ஹெட்போனைக் கொண்டுவந்தது. 1958-இல் அமெரிக்காவின் ஜான் கோஸ், இரண்டு காதிலும் தனித்தனியாக ஸ்டீரியோ இசை கேட்கும் ஹெட்போனை விற்பனைக்கு வைத்தார். அதுவரை பெரும்பாலும் தந்திக்காரர்களும் ராணுவத்தாரும் உபயோகித்த சாமான், அதன் பிறகுதான் பாட்டுக் கேட்கிறவர்களின் வீட்டுக்குள் பரவலாக நுழைந்தது.

இதிலே இரண்டு ஜாதி உண்டு. ஒன்று திறந்த முதுகு, மற்றது மூடிய முதுகு. ஹெட்போனுக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கர் காதுப் பக்கம் மட்டும் சத்தம் போடுவதில்லை. பின்பக்கமும் அதே அளவு சத்தம் போடும். பின்பக்கத்தில் ஓட்டைகள் வைத்து அந்தச் சத்தத்தை வெளியே விட்டுவிட்டால் அது திறந்த முதுகு. 1968-இல் ஸென்ஹைஸர் கம்பெனி எச்.டி. 414 என்று இந்த மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தது. திண்ணையில் உட்கார்ந்து கேட்பதுபோலக் காற்றோட்டமாக இருக்கும். ஆனால் பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் பாட்டுக் கேட்கும்.

பின்பக்கத்தைக் கிண்ணம் மாதிரி மூடிவிட்டால் அது மூடிய முதுகு. உள்ளேயிருக்கும் பாட்டு வெளியே போகாது, வெளியேயிருக்கும் இரைச்சலும் அவ்வளவாக உள்ளே வராது. கூட்டுக் குடும்பத்துக்கும், சின்ன வீட்டுக்கும், தூங்குகிற குழந்தைக்கும் ஏற்றது இதுதான். ஆகவே நாம் பார்க்கப்போவது மூடிய முதுகு மட்டும்.

நாலு ஹெட்போன், நாலு ஜோடிக் காது

என் தம்பி மகன் ஒலிப்பதிவுத் தொழிலில் இருக்கிறான். பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது, "அத்தை, நீங்க எழுதணும்னா வெறுமே படிச்சு எழுதப்படாது, கேட்டுப் பார்த்து எழுதணும்" என்று நாலு ஹெட்போன்களைக் கொண்டுவந்து வைத்தான். ஸோனி எம்.டி.ஆர். 7506, ஆடியோ டெக்னிகா எம்50எக்ஸ், ஸென்ஹைஸர் எச்.டி. 280 ப்ரோ, பேயர்டைனமிக் டி.டி. 770 ப்ரோ (80 ஓம்). நாலும் ஒலிப்பதிவுக் கூடங்களில் வருஷக்கணக்காக உழைத்துப் பேர் வாங்கியவை. டி.டி. 770 வந்தது 1985-இல், ஸோனி 7506 வந்தது 1991-இல். மாடல் மாறிக்கொண்டே இருக்கும் இந்தக் காலத்தில், இத்தனை வருஷம் ஒரு சாமான் நிலைத்து நிற்கிறதென்றால் காரணம் இல்லாமல் இருக்குமா?

கேட்டவர்கள் நாலு பேர்: நான், வருஷம் தவறாமல் கொடைக்குப் போய் விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்கிற என் மதினி, பக்கத்து வீட்டு இளம் தாய், தம்பி மகன்.

கேட்பதற்கு ஒரு முறை வைத்துக்கொண்டோம். நீங்கள் கடையில் கேட்டுப் பார்க்கும்போதும் இதையே செய்யுங்கள்.

முதலாவது, நாலிலும் ஒரே பாட்டு, ஒரே இடம். இரண்டாவது, சத்த அளவு ஒன்றாக இருக்க வேணும். இதுதான் முக்கியம். இரண்டில் எது கொஞ்சம் உரக்கக் கேட்கிறதோ அதுதான் நல்லது என்று காது நினைத்துக்கொள்ளும். உப்புக் கூடுதலான ரசம் முதல் வாய்க்கு ருசியாகத் தோன்றுவது போலத்தான். ஒரே போனில் ஒரே அளவு வைத்தாலும் ஒரு ஹெட்போன் உரக்கப் பாடும், இன்னொன்று மெதுவாகப் பாடும். ஆகவே மாற்றும்போதெல்லாம் சரிசெய்துகொள்ள வேணும். மூன்றாவது, அவசரப்படாமல் ஒவ்வொன்றையும் கால் மணி நேரமாவது போட்டிருக்க வேணும். முதல் நிமிஷத்தில் ஜிலுஜிலுவென்று மயக்குவது, கால் மணியில் தலைவலி கொடுக்கலாம்.

என்னென்ன கேட்டோம்? நம்ம ஊர்ச் சங்கதிதான். சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் அலங்கார மண்டபத்தில் கல்லைக் குடைந்து இசைத் தூண் வைத்த ஊர்க்காரர்கள் நாம். நமக்குக் காது இல்லாமல் போகுமா? வில்லுப்பாட்டு, நாகஸ்வரம், வீணை, ஒரு பெண் குரல் கச்சேரி, பழைய சினிமாப் பாட்டு, இளையராஜாவின் வாத்தியக் கோஷ்டி நிறைந்த பாட்டு. இவ்வளவும் வைத்துக்கொண்டோம்.

வில்லுப்பாட்டில் தெரிந்த வித்தியாசம்

ஒரு ஹெட்போனைச் சோதிக்க வில்லுப்பாட்டைவிட நல்ல சாமான் கிடைக்காது என்று தம்பி மகனே ஒப்புக்கொண்டான். ஏனென்று சொல்கிறேன். மனிதக் காதுக்கு ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயதாக ஆக மேல் எல்லை குறைந்துகொண்டே வரும். வில்லுப்பாட்டில் அடியிலிருந்து உச்சி வரை எல்லாம் உண்டு. குடத்தின் வாயில் மட்டையால் அடிக்கும்போது 'கும்' என்று அடிச் சத்தம். நடுவிலே பாட்டுக்காரர் குரல், உடுக்கு. மேலே வில்லில் கட்டிய மணிகளும் ஜால்ராவும். ஒரு ஹெட்போன் இதில் எதை விழுங்குகிறது, எதை மிகைப்படுத்துகிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

கோயில் கொடையில் கூம்பு ஒலிபெருக்கியில்தானே நாம் கேட்டு வளர்ந்தோம்? அந்தக் கூம்பு தூரத்துக்குச் சத்தத்தைக் கொண்டுபோகும். ஆனால் அடிச் சத்தத்தை அதனால் கொடுக்க முடியாது. போனின் சின்ன ஸ்பீக்கரும் அப்படியே. அதனாலே பாட்டின் கீழ்ப்பாதியைக் கேட்காமலே பல வருஷம் ஓட்டியிருக்கிறோம்!

எம்50எக்ஸைப் போட்டதும் மதினி நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதாக்கும் குடம்! வயித்துல வந்து முட்டுகுல்லா!" என்றார். உண்மைதான். அதிலே அடிச் சத்தம் கொஞ்சம் தூக்கலாக, உருண்டு திரண்டு வரும். மேல் சத்தமும் பளிச்சென்று இருக்கும். சினிமாப் பாட்டு, வில்லுப்பாட்டு, கொட்டு மேளம் எல்லாம் இதிலே கொண்டாட்டம்தான். இளையராஜா பாட்டில் பாஸ் கிட்டார் தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு போவதைப் பக்கத்து வீட்டுப் பெண் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டாளாம். "இது இத்தனை நாளும் எங்கே இருந்துச்சு அக்கா?" என்று கேட்டாள்.

ஸோனி 7506 வேறே மாதிரி. குரலும் மேல் சத்தமும் முன்னால் வரும். பாடுகிறவர் மூச்சு எடுப்பது, வீணையில் விரல் தந்தி மேலே வழுக்குவது, ஜால்ராவின் ஓரச் சத்தம் எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் தெரியும். குடம் உண்டு, ஆனால் அளவாக உண்டு. குற்றம் இருந்தாலும் மறைக்காமல் காட்டும். அதற்காகத்தான் ஒலிப்பதிவுக்காரர்கள் இதை வைத்திருக்கிறார்கள். பழைய ஒலிநாடாவிலிருந்து எடுத்த பாட்டுகளில் உள்ள 'ஸ்ஸ்' இரைச்சலும் கூடவே கேட்கும். நாகஸ்வரத்தை இதிலே கொஞ்சம் மெதுவாக வைத்துக் கேட்பதுதான் சுகம். தீயலுக்குத் தேங்காய் வறுக்கிற பக்குவம் தெரியுமல்லவா? சிவந்து வரும்போது இறக்கினால் மணம், ஒரு நிமிஷம் கூடினால் கசப்பு. மேல் சத்தமும் அப்படியேதான்.

ஸென்ஹைஸர் எச்.டி. 280 ப்ரோ எதையும் மிகைப்படுத்தாத சாது. அடிச் சத்தம் தூக்கல் இல்லை, மேல் சத்தமும் துள்ளாது. குரல் கச்சேரி கேட்க அமைதியாக இருந்தது. இதன் பெரிய குணம் வெளிச் சத்தத்தைத் தடுப்பதுதான். 32 டெசிபல் வரை தடுக்கும் என்று தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். அதற்காகவே தலையை இறுகப் பிடித்துக்கொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள். மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் கால் மணி போட்டுப் பார்த்துவிட்டுத் தீர்மானிப்பது நல்லது.

பேயர்டைனமிக் டி.டி. 770 ப்ரோ போட்டதும் ஒரு விசாலம் தெரிந்தது. மூடிய முதுகாக இருந்தாலும் மண்டபத்தில் உட்கார்ந்து கேட்பதுபோல வாத்தியங்கள் தள்ளித் தள்ளி நிற்கும். அடிச் சத்தம் ஆழத்திலிருந்து வரும். மேல் சத்தம் பளபளவென்று இருக்கும். காதைச் சுற்றி வருவது தோல் மாதிரி இல்லை, வெல்வெட் துணி. நம்ம ஊர்ப் புழுக்கத்துக்கு அது பெரிய சௌகரியம். ஒரு மணி நேரம் போட்டிருந்தும் பக்கத்து வீட்டுப் பெண் கழற்ற மனமில்லாமல் இருந்தாள்.

என் ஓட்டு எதற்கு என்று கேட்பீர்கள். வீணைக்கும் குரலுக்கும் நான் ஸோனியை எடுத்தேன். மதினி எம்50எக்ஸை விடவில்லை. இருவரும் சரிதான். நீங்கள் எந்தப் பாட்டை அதிகம் கேட்பீர்களோ அதற்கு ஏற்றதுதான் உங்களுக்கு நல்லது.

இன்னொரு விஷயம். மிகப் பழைய சினிமாப் பாட்டுகள் மோனோவில் பதிவானவை. ஹெட்போனில் கேட்டால் எல்லாச் சத்தமும் தலைக்கு நடுவிலேயே வரும், இடது வலது என்று பிரியாது. ஹெட்போன் ரிப்பேர் என்று எண்ணிக் கடைக்கு ஓடாதீர்கள். பாட்டே அப்படித்தான்!

கம்மலும் கொண்டையும் மல்லிகைப் பூவும்

ஹெட்போன் பற்றி எழுதுகிற ஆண்கள் ஒருவர்கூட இதைச் சொல்லிப் பார்த்ததில்லை. மூடிய முதுகு ஹெட்போனின் அடிச் சத்தம் முழுக்க முழுக்க அதன் மெத்தை காதைச் சுற்றி இடைவெளியில்லாமல் பதிவதைப் பொறுத்தது. சின்ன இடுக்கு இருந்தாலும் முதலில் ஓடிப்போவது குடத்துச் சத்தம்தான். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிற்குமா?

நமக்கோ காதைச் சுற்றி எத்தனை! ஜிமிக்கி, மாட்டல், காதோரம் கற்றை முடி, அதிலே தோவாளைப் பூ, இதற்கு மேல் மூக்குக் கண்ணாடிக் கம்பி. மதினி முதலில் ஜிமிக்கியோடு போட்டுக் கேட்டபோது, "என்னவோ தகர டப்பா மாதிரி இருக்கு" என்றார். ஜிமிக்கியைக் கழற்றி, முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டுப் போட்ட பிறகுதான் குடம் வயிற்றில் முட்டியது! சின்னக் கம்மல் இருக்கலாம். ஆனால் பின்னாலுள்ள திருகாணி மெத்தை அழுத்தி நோகும். அதையும் கழற்றிவிட்டுக் கேட்பதே உத்தமம். கழற்றியதை ஒரு கிண்ணத்தில் போட்டு, குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

கொண்டை போட்டால் மேல் பட்டை சரியாக உட்காராது. தாழப் பின்னிக்கொள்ளுங்கள். எண்ணெய் தேய்த்த தலையோடு போடவே வேண்டாம். தேங்காய் எண்ணெயும் வியர்வையும் சேர்ந்தால் தோல் மாதிரி இருக்கும் மெத்தை சீக்கிரமே பொருக்குப் பொருக்காக உரியும். கேட்டு முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் காற்றாட வைத்து, பிறகு துணிப்பையில் போடுங்கள். வெல்வெட் மெத்தையானால் மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். இந்த நாலு மாடலுக்கும் மெத்தை தனியாக வாங்கி மாற்றலாம் என்பது பெரிய அனுகூலம்.

குழந்தை அழுதால் கேட்குமா?

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். பதில் கொஞ்சம் கசப்பாகத்தான் இருக்கும்.

மூடிய ஹெட்போன் எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி தடுப்பதில்லை. மின்விசிறி, மோட்டார் போன்ற தாழ்ந்த சத்தம் ஓரளவு உள்ளே வந்துவிடும். நடுச் சத்தத்தையும் மேல் சத்தத்தையும்தான் நன்றாகத் தடுக்கும். குழந்தையின் அழுகை எங்கே இருக்கிறது? சரியாக அந்த இடத்தில்தான். அழுகையின் அடிக்குரல் பெரும்பாலும் 300 முதல் 600 ஹெர்ட்ஸ் வரை. அதன் கீச்சுக்குரல் அதற்கும் மேலே, 1,000 ஹெர்ட்ஸைத் தாண்டிப் போகும். மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பதும் அந்த மேல் பகுதியில்தான். தாயைத் தட்டி எழுப்பவென்றே இயற்கை வைத்த ஏற்பாடு அது. அந்த ஏற்பாட்டைத்தான் ஹெட்போன் மூடுகிறது. மேலே பாட்டும் ஓடினால் அடுத்த அறையில் குழந்தை சிணுங்குவது கேட்கவே கேட்காது. வீறிட்டாலும் காதில் விழும் என்று நம்பி இருக்க முடியாது.

பக்கத்து வீட்டில் இதைச் சோதித்தோம். அவள் குழந்தையைத் தாத்தா கையில் கொடுத்து அடுத்த அறைக்கு அனுப்பினோம். அவள் எச்.டி. 280-ஐப் போட்டுக்கொண்டு, மெதுவாகவே பாட்டு வைத்திருந்தாள். குழந்தை பசிக்கு அழுதது. எனக்குக் கேட்டது, மதினிக்குக் கேட்டது, பெற்றவளுக்குக் கேட்கவில்லை. நாங்கள் கையைக் காட்டியதும் ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினாள். திரும்பி வந்தவள், "இனிமே ஆள் இல்லாதப்போ இதைத் தொடமாட்டேன் அக்கா" என்றாள்.

ஆகவே சட்டம் இதுதான். குழந்தையின் பொறுப்பு உங்கள் ஒருத்தி கையில் மட்டும் இருக்கும் நேரத்தில் இரண்டு காதையும் மூடக் கூடாது. ஒரு காதில் மட்டும் வைத்து, மறு காதைத் திறந்து விடுங்கள். எம்50எக்ஸ், எச்.டி. 280 இரண்டிலும் கிண்ணம் திரும்பும், அதனால் ஒரு காதை விலக்கிக்கொள்வது சுலபம். இரண்டு காதிலும் கேட்க வேணுமானால் வீட்டில் இன்னொருவரிடம் சொல்லி, குழந்தையை அவர் பொறுப்பில் விட்டுவிட்டுக் கேளுங்கள்.

'யார் பார்த்துக்கொள்வார்கள்?' என்கிறீர்களா? வேறே யார், குழந்தையின் அப்பாதான்! இரவு அரை மணி நேரம் தொட்டில் பக்கத்தில் அவர் உட்காரட்டும். மாமியாரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். "அத்தை, அரை மணி பாட்டுக் கேக்கேன், பிள்ளையைக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்று கேட்பதில் என்ன குறைச்சல்? அவர்களும் ஒரு காலத்தில் ரேடியோ முன்னால் உட்கார ஆசைப்பட்டு, உட்கார நேரமில்லாமல் போனவர்களாகத்தான் இருப்பார்கள். ஒரு நாள் அவர்கள் காதிலும் மாட்டிவிட்டுப் பாருங்கள்.

அடுப்பு எரியும்போது ஹெட்போன் கூடவே கூடாது. குக்கர் விசில் எண்ண முடியாது, பால் பொங்குவது தெரியாது, வாசலில் யார் வந்தாலும் தெரியாது. தெருவில் நடக்கும்போதும் வேண்டாம்.

எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம்?

காதுக்கு உள்ளே சின்னஞ்சிறு மயிர் போன்ற அணுக்கள் இருக்கின்றன. அதிகச் சத்தத்தால் அவை அழிந்தால் மறுபடி முளைக்காது. அறுத்த முருங்கை துளிர்க்கும், இது துளிர்க்காது.

உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்குச் சொல்கிறது. பெரியவர்களுக்கு 80 டெசிபல் சத்தத்தில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். குழந்தைகளுக்கு 75 டெசிபல்தான். சத்தம் 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 83-க்கு 20 மணி, 86-க்கு 10 மணி, 89-க்கு 5 மணி. கொஞ்சம்தானே கூட்டினோம் என்று தோன்றும், காது அதைக் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளாது.

டெசிபல் அளக்க நம்மிடம் என்ன இருக்கிறது என்கிறீர்களா? போனில் முழு அளவில் 60 சதவீதத்துக்கு மேலே போகாமல் பழகுங்கள். பல போன்களில் உச்ச வரம்பு கட்டும் வசதியும் உண்டு. கேட்டு முடித்த பிறகு காதில் 'ரீங்' என்று சத்தம் வந்தாலோ, பக்கத்தில் பேசுவது மந்தமாகக் கேட்டாலோ, சத்தம் அதிகம் என்று அர்த்தம். அது போகாமல் இருந்தால் காது டாக்டரிடம் காட்டுங்கள்.

இதிலே மூடிய ஹெட்போனுக்கு ஒரு புண்ணியம் உண்டு. வெளி இரைச்சல் உள்ளே வராததால், அதை மீறிக் கேட்கச் சத்தத்தைக் கூட்ட வேண்டிய தேவை இல்லை. மெதுவாக வைத்தே தெளிவாகக் கேட்கலாம். இந்தப் புண்ணியத்தைச் சத்தம் கூட்டிக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

கைக்குழந்தை காதில் விளையாட்டுக்குக்கூட ஹெட்போன் வைக்க வேண்டாம். குழந்தைக்குப் பாட்டுக் கேட்கவேணுமா? நீங்கள் பாடுங்கள்! உங்கள் தாலாட்டைவிட நல்ல ஒலிப்பதிவு எந்தக் கடையிலும் இல்லை.

வாங்கும் முன்னே

நாலும் வயர் உள்ளவை. இப்போது வரும் பல போன்களில் ஹெட்போன் ஓட்டையே இல்லை. சார்ஜர் ஓட்டையில் செருகும் ஒரு சின்ன இணைப்பு வயர் தனியாக வாங்க வேணும். உங்கள் போனைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே மாட்டிப் பாருங்கள்.

பெட்டியில் 'ஓம்' என்று ஒரு எண் போட்டிருக்கும். எம்50எக்ஸ் 38, ஸோனி 63, எச்.டி. 280 64. இவை போனிலேயே நன்றாகப் பாடும். டி.டி. 770-இல் 80 ஓம், 250 ஓம் என்று வகைகள் உண்டு. 80 போதும். 250 ஓம் வாங்கினால் பெரும்பாலான போன்களில் சத்தம் மெலிந்துபோகும், அதற்கென்று ஆம்ப்ளிஃபயர் தேடி அலைய வேண்டியிருக்கும்.

எம்50எக்ஸில் வயரைக் கழற்றலாம், கெட்டால் வயரை மட்டும் மாற்றலாம். மற்ற மூன்றிலும் வயர் உடம்போடு சேர்ந்தது. தவழ்கிற குழந்தை உள்ள வீட்டில் வயரைத் தொங்கவிடவே கூடாது. எட்டிப் பிடித்து இழுக்கும், கழுத்தில் சுற்றிக்கொள்ளும். உபயோகம் முடிந்த கையோடு சுருட்டி, உயரத்தில் வைத்துவிடுங்கள்.

விலை என்ன? ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறுகிறது. ஒரு நல்ல மிக்ஸி வாங்குகிற பணம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அவ்வளவு முடியாதவர்களுக்கு ஆடியோ டெக்னிகாவிலேயே எம்20எக்ஸ் என்று விலை குறைந்த தம்பி இருக்கிறது. அடிச் சத்தத்தின் ஆழமும் நுணுக்கமும் அண்ணன் அளவு இராது, குரல் கேட்க மோசமில்லை. பிரபல கம்பெனியின் பெயரைப் போட்டுச் சந்தையில் போலியும் வருகிறது. ரசீதும் உத்தரவாதச் சீட்டும் தராத இடத்தில் வாங்காதீர்கள்.

வீணைக்காரச் சகோதரிக்கு என் யோசனை இது: குரலும் தந்தியும்தான் உயிர் என்றால் ஸோனி 7506. நெடுநேரம் சுகமாக உட்கார்ந்து கேட்கவேணுமென்றால் டி.டி. 770, 80 ஓம். உங்களுக்கு ஒரு காதை விலக்கிக் கேட்பதுதான் அதிகம் நடக்கும் என்றால் எம்50எக்ஸ். எதை வாங்கினாலும் அதற்கு முன்னால், அந்த அரை மணி நேரத்துக்குக் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்று வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். பணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

'இது ஆடம்பரம் இல்லையா?' என்று சில சகோதரிகள் கேட்பார்கள். நம் மாவட்டத்தில் பூங்கனி அம்மாள் என்று ஒருவர் இருந்தார். ஒரு பெண்ணாக மேடையில் நடுவே உட்கார்ந்து, வீசுகோலைக் கையில் பிடித்து, வில்லுப்பாட்டு நடத்தினார். 2018-இல் காலமானார். சங்கீதம் வேலை முடிந்த பிறகு மிச்சமிருந்தால் பார்த்துக்கொள்ளும் சமாசாரம் என்று அவர் நினைத்திருந்தால் ஊருக்கு ஒரு கலை குறைந்திருக்கும். எல்லாரும் மேடை ஏற வேண்டாம். நாளெல்லாம் ஊர் சத்தத்தைக் கேட்கிற காதுக்கு, தனக்குப் பிடித்த சத்தத்தை ஒரு அரை மணி கேட்க உரிமை இல்லையா என்ன?

மறக்காமல் இருக்க

* ஜிமிக்கி, மாட்டல், திருகாணி கழற்றிய பிறகு போடவும். கிண்ணத்தில் பத்திரம்.
* எண்ணெய்த் தலையோடு கூடாது. முடித்ததும் உலர் துணியால் துடைக்கவும்.
* சத்தம் 60 சதவீதத்துக்குள்.
* தனியாகக் குழந்தையோடு இருந்தால் ஒரு காது திறந்திருக்கட்டும்.
* அடுப்படியிலும் தெருவிலும் வேண்டாம்.
* வயர் குழந்தை கைக்கு எட்டக் கூடாது.

உங்கள் வீட்டில் எந்த ஹெட்போன், எந்தப் பாட்டுக்கு நன்றாக இருந்தது என்று எழுதுங்கள். அடுத்த இதழில், மழைக்காலத்துக்குள் பருப்பு வகைகளை வண்டு வராமல் எடுத்து வைப்பது எப்படி என்று பார்க்கலாம்.